அந்த சீசனைக் கொன்றது வீரர்கள் இல்லை

1994ஆம் ஆண்டு அமெரிக்க பேஸ்போல் சீசனைப் பற்றி எழுதுகிற, படம் எடுக்கிற, யூரியூபில் கதைக்கிற ஆக்களில் முக்கால்வாசிப் பேர் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். கோடீஸ்வர வீரர்களும் அவர்களை விடப் பெரிய கோடீஸ்வர முதலாளிகளும் காசுக்காகச் சண்டை பிடித்தார்கள், இரண்டு பக்கமும் பேராசை, நட்டப்பட்டது பாவம் ரசிகர்கள். இதுதான் கதை எண்டு சொல்லி முடித்துவிடுவார்கள்.

கேட்க நல்ல நடுநிலையாக இருக்கும். ஆனால் நாங்கள் இதை நடுநிலை எண்டு ஏற்கத் தயாரில்லை. யார் எதைக் கேட்டார்கள், யார் எதை எடுக்கப் பார்த்தார்கள், எந்தத் திகதியில் என்ன நடந்தது எண்டு ஒன்றையும் பார்க்காமல் "இரண்டு பேரும் ஒன்றுதான்" என்று சொல்வதற்குப் பெயர் சோம்பல். அந்தச் சோம்பலால் எப்போதும் லாபம் அடைவது பலம் கூடின பக்கம்தான்.

நாங்கள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஆக்கள். பேஸ்போல் எங்களுக்கு ஏன் எண்டு கேட்பீர்கள். விளையாட்டு ஒரு தொழில் என்பதையும், மைதானத்தில் நிற்கிறவன் ஒரு தொழிலாளி என்பதையும் இந்த ஒரு சீசன் காட்டிய மாதிரி வேறு எதுவும் காட்டவில்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில், இழந்தது என்ன எண்டு சொல்ல வேண்டும். ஏனென்றால் அது சாதாரண சீசன் இல்லை.

சான் டியாகோ அணியின் டோனி க்வின் அந்த வருடம் துடுப்பாட்ட சராசரி .394 உடன் நின்றார். கிரிக்கெட் கண்ணுக்கு இது விளங்காது, ஆகவே இப்படிப் பாருங்கோ: பத்துத் தடவை ஆடி மூன்று தடவை அடியைச் சரியாக விழுத்தினாலே பேஸ்போலில் அவர் நல்ல ஆட்டக்காரர். நான்கு தடவை, அதாவது .400, 1941இல் டெட் வில்லியம்ஸ் .406 எடுத்த பிறகு ஒருவருக்கும் கிடைக்கவில்லை. க்வின் அதற்கு ஒரு விரலிடை தூரத்தில் நின்றார். சான் பிரான்சிஸ்கோவின் மாற் வில்லியம்ஸ் 43 ஹோம் ரன் அடித்திருந்தார். ரொஜர் மாரிஸ் 1961இல் வைத்த 61 என்ற சாதனையைத் தொடக்கூடிய வேகம் அது. அட்லாண்டாவின் கிரெக் மடக்ஸ் பந்து வீசிய விதத்தில், ஒன்பது இன்னிங்ஸுக்கு எதிரணி எடுத்தது சராசரியாக 1.56 ஓட்டம் மட்டும். சிக்காகோவில் பிராங் தோமஸ், சியாட்டிலில் கென் கிரிஃபி ஜூனியர், ஹூஸ்டனில் ஜெஃப் பேக்வெல் என்று அந்த வருடம் எங்கே பார்த்தாலும் ஒரு சாதனை பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது.

இதெல்லாவற்றையும் விட மொன்றியல் எக்ஸ்போஸ். கனடாவில் பிரெஞ்சு பேசுகிற ஊரின் அணி. லீக்கிலேயே மிகக் குறைந்த சம்பளப் பட்டியல் கொண்ட அணிகளில் ஒன்று. டொமினிக்கன் குடியரசில் பிறந்த பெலிப்பே அலூ மனேஜர், அவருடைய மகன் மொய்சஸ் அலூ அணியில். கனடாவிலேயே பிறந்த லாரி வோக்கர், மார்க்விஸ் கிரிசம், 22 வயதுப் பெடியன் பெட்ரோ மார்ட்டினெஸ். ஓகஸ்ட் 11 அன்று அவர்களின் கணக்கு 74 வெற்றி, 40 தோல்வி. முழு லீக்கிலும் அதுதான் மிகச் சிறந்த கணக்கு. அதற்கு முதல் இரண்டு வருடமும், 1992, 1993இல், வேர்ல்ட் சீரிஸை வென்றது ரொறன்ரோ. எங்கட சனம் வன்னியையும் யாழ்ப்பாணத்தையும் விட்டு மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் போய் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. மூன்றாவது வருடமும் கிண்ணம் கனடாவுக்குப் போயிருக்கலாம்.

ஓகஸ்ட் 12 அன்று வீரர்கள் பணிப்பகிஷ்கரிப்புத் தொடங்கினார்கள். செப்டெம்பர் 14 அன்று வேர்ல்ட் சீரிஸ் ரத்து என்று அறிவிப்பு வந்தது. 1905 தொடக்கம் ஒரு வருடமும் தவறாமல் நடந்த தொடர் அது. இரண்டு உலகப் போர் நிறுத்தவில்லை. 1989இல் தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே வந்த நிலநடுக்கம் பத்து நாள் தள்ளிப்போட்டது, நிறுத்தவில்லை. 1994இல்தான் நின்றது.

சரி, ஏன் நின்றது?

வீரர்கள் சம்பள உயர்வு கேட்டார்கள் எண்டுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. வீரர்கள் கேட்டது இருக்கிறதை இருக்கிறபடி விடச் சொல்லித்தான். புதிதாகக் கேட்டது முதலாளிகள். மொத்தச் சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு வேண்டும், வருமானத்தில் 50 வீதத்துக்கு மேல் வீரர்களுக்குப் போகக்கூடாது, சம்பளத் தகராறைத் தீர்க்கிற நடுவர் முறையை எடுத்துவிட வேண்டும். 1994 ஜூனில் இதை மேசையில் வைத்தவர்கள் அவர்கள்தான். ஒரு முதலாளி இன்னொரு முதலாளியை விடக் கூடச் சம்பளம் கொடுத்து விடுவான் என்ற பயத்தில், எங்களை எங்களிடமிருந்து காப்பாற்றுங்கோ எண்டு தொழிலாளியிடம் வந்து கேட்கிற விசித்திரமான கோரிக்கை இது. சந்தைப் போட்டிதான் உயிர் என்று மற்ற எல்லா இடத்திலும் பேசுகிற ஆக்கள், கூலி விஷயம் என்று வந்தவுடன் மட்டும் போட்டி வேண்டாம் என்றார்கள்.

இந்தச் சண்டையை 1994இல் தொடங்கினால் ஒன்றும் விளங்காது. பின்னால் போக வேண்டும்.

1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேஸ்போல் மாநிலங்களுக்கிடையிலான வணிகம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. விளைவு, மற்ற முதலாளிகளுக்கு உள்ள ஏகபோகத் தடைச் சட்டம் பேஸ்போல் முதலாளிகளுக்கு இல்லை. அதோடு ஒப்பந்தத்தில் ஒரு விதி: ஒரு வீரன் ஒரு அணியில் கையெழுத்துப் போட்டால் அவன் அந்த அணியின் சொத்து. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அவன் விரும்பிய இடத்துக்குப் போக முடியாது. அணி விரும்பினால் அவனை விற்கலாம், மாற்றலாம், வெட்டலாம். 1969இல் சென் லூயிஸ் அணி கேர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியது. அவர் போக மாட்டேன் என்றார். வழக்குப் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 3 என்று தோற்றார். அந்த வழக்கோடு அவருடைய விளையாட்டு வாழ்க்கையும் முடிந்துபோனது. ஆனால் அவர் திறந்த வழியால்தான் 1975 டிசம்பரில் ஒரு நடுவரின் தீர்ப்பு வந்து அந்த அடிமை விதியை உடைத்தது.

உடைந்த பிறகு முதலாளிகள் என்ன செய்தார்கள்? 1985, 1986, 1987 என்று மூன்று வருடம் தங்களுக்குள் இரகசியமாகக் கூடி, மற்ற அணியின் வீரருக்கு யாரும் நல்ல விலை சொல்லக்கூடாது என்று ஒத்துக்கொண்டார்கள். மொன்றியலில் விளையாடிக்கொண்டிருந்த அன்ட்ரே டோசன் முழங்கால் வலியால் புல்தரை உள்ள மைதானம் தேடினார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் சம்பளத் தொகையை எழுதாத வெற்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு சிக்காகோ கப்ஸிடம் கொடுத்தார், நீங்களே தொகையை நிரப்புங்கோ என்று. அவர்கள் போட்டது 500,000 டொலர் அடிப்படைச் சம்பளம், முன்பு வாங்கியதை விடக் குறைவு. அந்த வருடம் அவர் 49 ஹோம் ரன் அடித்து லீக்கின் பெறுமதிமிக்க வீரர் விருதை எடுத்தார். பிறகு நடுவர்கள் இந்தக் கூட்டுச் சதியை உறுதி செய்தார்கள். 1990இல் முதலாளிகள் 280 மில்லியன் டொலர் கொடுத்துக் கணக்குத் தீர்த்தார்கள்.

இப்போது சொல்லுங்கோ. நான்கு வருடத்துக்கு முதல் களவு பிடிபட்டுத் தண்டப்பணம் கட்டின ஆக்கள், 1994இல் வந்து எங்களுக்கு நட்டம், நம்புங்கோ, சம்பளத்துக்கு வரம்பு போடுவம் என்றால் நீங்கள் நம்புவீர்களா? வீரர்கள் நம்பவில்லை. இது பேராசையா, ஞாபகசக்தியா?

இன்னுமொரு விஷயம். அந்த நேரம் பேஸ்போலுக்குக் கொமிஷனர் யார்? வீரர், முதலாளி, ரசிகர் எல்லோருக்கும் பொதுவான ஆள் என்றுதான் அந்தப் பதவியைப் பற்றிச் சொல்வார்கள். 1992 செப்டெம்பரில் முதலாளிகள் கொமிஷனர் ஃபே வின்சென்ற்றைப் பதவி விலகச் செய்துவிட்டு, பதில் கொமிஷனராக பட் செலிக்கைப் போட்டார்கள். அவர் மில்வாக்கி அணியின் முதலாளி. நடுவர் கதிரையில் இருந்தது எதிர்க்கட்சிக்காரர். இதற்குப் பிறகும் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்கிறார்கள்.

ஏன் ஓகஸ்டில் போய் நிறுத்தினார்கள், சீசன் முடியும் வரைக்கும் பொறுத்திருக்கலாமே என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். முதலாளிகளுக்குப் பெரிய காசு வருவது ஒக்டோபரில், கடைசிச் சுற்றுகளின் தொலைக்காட்சி வருமானத்தில். வீரர்களின் சம்பளம் சீசன் முழுக்கப் பிரித்துக் கொடுபடுவது. சீசன் முடிந்தால் வீரர்களின் கையில் ஒன்றும் மிஞ்சாது. குளிர்காலத்தில் முதலாளிகள் பேச்சுவார்த்தை முறிந்தது என்று அறிவித்துவிட்டு உச்சவரம்பைத் தாங்களாகவே திணிப்பார்கள் என்று சங்கம் பயந்தது. ஓகஸ்ட் 1 அன்று வீரர்களின் ஓய்வூதிய, நலன் நிதிக்குக் கட்ட வேண்டிய 7.8 மில்லியன் டொலரை முதலாளிகள் கட்டாமல் விட்டார்கள். பதினொரு நாளில் பகிஷ்கரிப்பு. சங்கத்தின் பயம் வீண் பயமா? அதே வருடம் டிசம்பரில் முதலாளிகள் உச்சவரம்பைத் தாங்களாகவே அறிவித்தார்கள். பயந்தது அப்படியே நடந்தது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவம்.

ஒன்று, சிறிய ஊர் அணிகள் அழிந்துவிடும், அதற்காகத்தான் உச்சவரம்பு என்றார்கள். நியூயோர்க் அணிக்கும் மில்வாக்கி அணிக்கும் வருமானம் ஒன்றில்லை என்பது உண்மை. அதற்கு மருந்தும் தெரிந்ததுதான்: பணக்கார அணி ஏழை அணியோடு வருமானத்தைப் பகிர வேண்டும். 1994 ஜனவரியில் முதலாளிகள் பகிர்வதற்கு ஒத்துக்கொண்டார்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. வீரர்கள் உச்சவரம்பை ஏற்றால்தான் பகிர்வோம். அதாவது பக்கத்து வீட்டுக்காரனுக்கு நான் உதவுவேன், செலவை என்னுடைய வேலைக்காரன் கட்டினால். 1996இன் கடைசியில் ஒப்பந்தம் வந்தபோது வருமானப் பகிர்வு இருந்தது, உச்சவரம்பு இல்லை. அப்படியென்றால் 1994இலும் அது முடிந்திருக்கும். முடியாமல் செய்தது யார்?

தொழில் செத்துக்கொண்டிருக்கிறது என்ற அழுகையையும் பாருங்கோ. 1993இல் புதிதாக வந்த கொலராடோ அணியைப் பார்க்க ஒரே சீசனில் 44 இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் வந்தது. பகிஷ்கரிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, 1995 மார்ச்சில், அரிசோனாவுக்கும் ரம்பா பேக்கும் புதிய அணிகள் கொடுத்தார்கள். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 130 மில்லியன் டொலர். சாகப்போகிற மாட்டை இந்த விலைக்கு யார் வாங்குவான்?

இரண்டு, வீரர்களும் கோடீஸ்வரர்கள்தானே. ஓம். அந்த வருடம் சராசரிச் சம்பளம் 10 இலட்சம் டொலருக்கு மேல். இதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் ரிக்கெற் வாங்கின காசு எங்கேயோ போகத்தான் வேண்டும். வீரனுக்குப் போகாத டொலர் ரசிகனுக்குத் திரும்பி வராது, முதலாளியின் பைக்குப் போகும். சம்பளம் குறைந்தால் ரிக்கெற் விலை குறையும் என்று எந்த முதலாளியும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு தொழிலாளி நல்ல சம்பளம் எடுத்தால் அவன் தொழிலாளி இல்லாமல் போவதில்லை. நல்ல சம்பளம் வந்ததே சங்கம் இருந்ததால்தான்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் பாரமானது. மைதானத்தில் கடலை விற்றவர், வாசலில் நின்றவர், கூட்டித் துடைத்தவர் எல்லோருக்கும் அந்த இலையுதிர்காலம் வேலை இல்லாமல் போனது. சின்ன லீக்குகளில் அரைவயிற்றுச் சம்பளத்துக்கு விளையாடின பெடியளை வீரர் சங்கம் பல தசாப்தமாகத் தன்னோடு சேர்க்கவேயில்லை. 2022இல்தான் சேர்த்தது. இது அந்தச் சங்கத்தின் மேல் உள்ள உண்மையான குற்றச்சாட்டு, நாங்கள் அதை மழுப்பப் போவதில்லை. ஆனால் இந்தக் குற்றச்சாட்டின் முடிவு "சங்கம் தேவையில்லை" என்பதில்லை. சங்கம் இன்னும் பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்பதுதான். கடலை விற்றவரின் பெயரைச் சொல்லிக் கண்ணீர் விட்ட முதலாளிகளில் எத்தனை பேர் அவருக்கு அந்த மாதச் சம்பளத்தைக் கொடுக்க முன்வந்தார்கள்?

1995 வசந்தத்தில் முதலாளிகள் மாற்று வீரர்களைக் கொண்டு சீசனைத் தொடங்கப் பார்த்தார்கள். ஓய்வு பெற்றவர்கள், மேலே வர முடியாதவர்கள், வேறு வேலைக்குப் போய்விட்டவர்கள் என்று பிடித்துப் பயிற்சி முகாம் நடத்தினார்கள். டிட்ராய்ட் மனேஜர் ஸ்பார்க்கி அன்டர்சன் இந்த அணியை நான் நடத்த மாட்டேன் என்று வீட்டுக்குப் போனார். பால்ற்றிமோர் முதலாளி பீற்றர் ஏஞ்சலோஸ் மாற்று அணி இறக்க மறுத்தார். கூடைப்பந்தை விட்டுவிட்டு பேஸ்போல் பழகிக்கொண்டிருந்த மைக்கல் ஜோர்டன் பகிஷ்கரிப்பை உடைக்க விரும்பாமல் முகாமை விட்டு வெளியேறினார். அவர் மீண்டும் கூடைப்பந்துக்கு வந்த கதையைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

ரொறன்ரோவில் இன்னும் சுவாரசியம். பகிஷ்கரிப்பு நேரத்தில் மாற்று ஆள் போட்டு வேலை வாங்குவதை ஒன்ராறியோ மாகாணத்தின் சட்டம் அப்போது தடுத்தது. ஆகவே மாற்று வீரர்களோடு விளையாடுவதென்றால் புளூ ஜேய்ஸ் அணி தன் சொந்த ஊரை விட்டு புளோரிடாவில் போய் விளையாட வேண்டிய நிலை. ஒரு சட்டம் எழுதியிருந்தால் எவ்வளவு வித்தியாசம் பாருங்கோ. அடுத்து வந்த மாகாண அரசு 1995இலேயே அந்தச் சட்டத்தை நீக்கியது. தொழிலாளிக்குச் சாதகமான சட்டம் வேலை செய்கிறது எண்டு தெரிந்தால் அதை நிறைய நாள் விட்டுவைக்க மாட்டார்கள்.

கடைசியில் முடித்து வைத்தது நியூயோர்க்கில் ஒரு மாவட்ட நீதிபதி. 1995 மார்ச் 31 அன்று, முதலாளிகள் நல்லெண்ணத்தோடு பேரம் பேசவில்லை என்ற தொழில் உறவுச் சபையின் நிலைப்பாட்டை ஏற்று, பழைய நிபந்தனைகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அவர் தடையுத்தரவு கொடுத்தார். அவருடைய பெயர் சோனியா சோட்டோமயோர், புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பத்தின் மகள், இன்று உச்ச நீதிமன்ற நீதிபதி. 232 நாளுக்குப் பிறகு பகிஷ்கரிப்பு முடிந்தது. இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்கிறவர்கள் இந்த உத்தரவு எந்தப் பக்கத்துக்கு எதிராக வந்தது எண்டு ஒருக்கால் பார்க்கட்டும்.

மொன்றியலுக்கு என்ன நடந்தது? 1995 ஏப்ரலில், ஆட்டம் திரும்பத் தொடங்க முதலே, கிரிசம், பந்துவீச்சாளர்கள் கென் ஹில், ஜோன் வெற்றலாண்ட் மூவரையும் சில நாளுக்குள் மற்ற அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். வோக்கரை மறிக்கவேயில்லை, அவர் கொலராடோ போனார். கிரிசம் அந்த வருடமே அட்லாண்டாவோடு வேர்ல்ட் சீரிஸ் வென்றார். வெற்றலாண்ட் அடுத்த வருடம் நியூயோர்க்கோடு வென்று தொடரின் சிறந்த வீரரானார். பெட்ரோ 1997க்குப் பிறகு பொஸ்ரன் போய் 2004இல் வென்றார். மொன்றியல் ரசிகர் இதையெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 2002இல் மற்ற 29 அணிகளின் முதலாளிகளும் சேர்ந்து எக்ஸ்போஸை வாங்கினார்கள். 2005இல் அது வாஷிங்டனுக்குப் போனது.

பகிஷ்கரிப்புத்தான் மொன்றியலைக் கொன்றது என்று எழுதுகிறார்கள். குறைந்த சம்பளத்தில் லீக்கின் முதலிடத்தைப் பிடித்த அணியை, ஒரு மாதத்துக்குள் பிரித்து விற்றது வீரர்களா? சிறிய ஊர் அணிகளைக் காப்பாற்றத்தான் சண்டை என்று சொன்னவர்களின் கையில்தான் அந்தச் சிறிய ஊர் அணி செத்தது.

பேஸ்போலின் புகழ் மண்டபத்தில் இந்தக் கதையின் தீர்ப்பு எழுதியிருக்கிறது. வேர்ல்ட் சீரிஸை ரத்து செய்ததாக அறிவித்த பட் செலிக் 2017இல் உள்ளே போனார். வீரர் சங்கத்தைக் கட்டியெழுப்பிய மார்வின் மில்லர் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டு, 2012இல் செத்து, 2019 டிசம்பரில்தான் தெரிவானார். கேர்ட் ஃபிளட் இன்னும் வெளியில்தான்.

இதெல்லாம் பழங்கதை இல்லை. 2021 டிசம்பரில் முதலாளிகள் கதவைப் பூட்டி 99 நாள் வீரர்களை வெளியில் வைத்தார்கள். 2022இல் போட்ட ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. உச்சவரம்புக் கதை திரும்பவும் கேட்கத் தொடங்கிவிட்டது, 1994இல் சொன்ன அதே காரணங்களோடு. ஆட்டம் நின்றால், பேராசை பிடித்த வீரர்கள் என்ற வசனமும் தயாராக இருக்கும்.

அந்த வசனம் எங்களுக்குப் புதிதில்லை. இந்த நாட்டில் ஆசிரியர் நிறுத்தினாலும், தாதியர் நிறுத்தினாலும், ரயில் நின்றாலும், முதல் வருகிற கேள்வி சனம் கஷ்டப்படுகிறதே என்பதுதான். அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது என்ன என்ற கேள்வி கடைசியில் வரும், பல நேரம் வராமலே போகும்.

டோனி க்வின் .394இல் நின்றுபோனது எங்களுக்கும் கவலைதான். ஆனால் கவலைப்படுகிறவர்கள் யாரிடம் கணக்குக் கேட்க வேண்டும் எண்டு தெரிந்து கவலைப்பட வேண்டும். அந்த சீசனில் இருந்ததைப் பறிக்க வந்தது ஒரு பக்கம், கொடுக்க மாட்டோம் என்று நின்றது மற்றப் பக்கம். இரண்டும் ஒன்றில்லை.